களிமண்ணிற் பலகாரம்: சித்திர வகுப்புக்குரிய ஒரு பாடம்

யாழ்ப்பாணத்துப் பிள்ளை பல் முளைக்குங் காலத்திலேயே கொழுக்கட்டையோடு உறவு கொள்ளுகின்றது. பல்லுக்கொழுக்கட்டை சொரிந்த நாள் முதலாக ஆடிப்பிறப்பு, விநாயக சதுர்த்தி, தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஊர்க்கோயில் திருவிழா, அக்காளின் கலியாணம் என்று பலகாரத் தட்டு அதன்முன் வந்துகொண்டேயிருக்கும். பன்னிரண்டு வயதுக்குள் நம் மாணாக்கனொருவன் தின்ற மோதகம் சில நூறாவது இருக்கும். அவனை அழைத்துத் தாளும் பென்சிலுங் கொடுத்து, மோதகம் ஒன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு கூர், அவ்வளவே. அந்தக் கூரில் எத்தனை மடிப்புக்கள் கூடுகின்றன, அடி எதனால் தட்டையாயிற்று, உள்ளேயிருக்கும் பயறுஞ் சர்க்கரையும் தோலின் எந்தப் பக்கத்தால் நிழலாய்த் தெரிகின்றன என்று கேட்டால் விழிப்பான். தின்றானேயன்றிக் கண்டானல்லன்.

இக்குறையைத் தீர்த்தற்கு, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணாக்கர்க்கு ஏற்ற பாடமொன்றை இங்கே விரித்துக் கூறக் கருதுகின்றேன். நம் வீட்டுப் பலகாரங்களைக் களிமண்ணால் உள்ளபடி உருவமைத்து, உள்ளபடி வர்ணந் தீட்டுதலே அப்பாடம். கல்லூரியின் வரலாறும், அதிபர்மாரின் அரும்பணியும், துடுப்பாட்ட வெற்றிகளும் நிறைந்திருக்க வேண்டிய விழா மலரில் மண்மோதகத்துக்கும் சில பக்கங்களை ஒதுக்கிய பதிப்பாசிரியர்க்கு நன்றி உரியது.

மண்ணிற் பலகாரஞ் செய்தல் புதியதொன்றன்று. சிரட்டையில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்துப் 'புட்டு' அவித்து விளையாடாத பிள்ளை நம்மூரிற் பிறக்கவில்லை. சிற்றிலிழைத்துச் சிறுசோறடும் பெண்மகாரை நம் பழைய இலக்கியங்கள் பலவிடத்துங் காட்டும். ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிற்றிற் பருவம் என்று ஒன்றுண்டு. அங்கே ஆண்மகவின் வேலை அச்சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் உதைத்துக் குலைப்பது. சிதையேல் என்று அவர்கள் இரந்து நிற்பர். குலைத்த காலுக்குப் பரிகாரமாக நம் கல்லூரிப் பையன்கள் கையாற் செய்யட்டும் என்பது என் வேண்டுகோள்.

விநாயக சதுர்த்திக்குக் களிமண்ணாற் பிடிக்கும் பிள்ளையாரின் கையில் இருக்கின்ற மோதகமும் மண்மோதகமே. கல்லிலும் வெண்கலத்திலும் பன்னூற்றாண்டுகளாகச் சிற்பியர் மோதகம் வடித்து வந்திருக்கின்றனர். ஆயினும் அவர்க்கு அஃது ஓர் அடையாளம். வழுவழுப்பான உருண்டையொன்று போதும், இன்ன பொருளென்று அடியார்க்கு விளங்கிவிடும். உள்ளபடி செய்தலைத் தொழிலாகக் கொண்டவர்களைக் காண வேண்டுமாயின் வங்காளத்துக்குச் செல்லுதல் வேண்டும். கிருஷ்ணநகரை அடுத்த கூர்ணி என்னும் இடத்துக் களிமண் வினைஞர் மனித உருவங்களையும், கனிகளையும், தம் நாட்டு இனிப்புவகைகளையும் கையில் எடுத்துப் பார்த்தாலன்றி மண்ணென்று தெரியாதபடி செய்வர். 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியிலே அவ்வூர் மண்ணுருவங்கள் வைக்கப்பட்டன.

இனி, உள்ளதை உள்ளபடி செய்வது கலையாகுமா என்று வினவுவோர் உளர். புறக்கணிக்கத்தக்க வினா அன்று அது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடியில் தந்தைவழி வந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947) தோற்றத்தைப் பிரதிசெய்தல் கலையின் குறிக்கோளாகாது என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர். அவரே மத்தியகால ஐரோப்பிய அறிஞரின் கொள்கையொன்றைப் பலவிடத்தும் எடுத்தாண்டிருக்கின்றார். கலையானது இயற்கை தொழிற்படும் முறையைப் பின்பற்றுகின்றது என்பது அதன் கருத்து. இதனை மோதகத்துக்குப் பொருத்துவதை அப்பெரியார் பொறுத்துக்கொள்வாராக. மேற்றோற்றத்தை மாத்திரம் பார்த்து மண்ணை உருட்டிக் கூர் இழுத்துவிட்டால் அது கண்கட்டு வித்தை. மாவைப் பிடித்த கை என்ன செய்ததோ அதையே மண்ணிற் செய்து, தோற்றந் தானே வந்துசேருமாறு விடுதல் வேறு. பின்னதே நம் பாடம்.

இலங்கையிற் சித்திரக் கல்வி ஒருகாலத்தில் அச்சிட்ட படங்களைப் பார்த்து வரைவதாகவே இருந்தது. 1920இற் சித்திரப் பரிசோதகராக அமர்ந்த சி. எப். வின்சரும், அவர்க்குப் பின் வந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங்கும் அப்போக்கை மாற்ற முயன்றனர். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சரின் பெயராற் சித்திரக் கழகம் ஒன்றை நிறுவினார். அவர்கள் காட்டிய வழியிற் கண்ணாற் கண்டதைத் தீட்டும் பழக்கம் வளர்ந்தது மெய். எனினும் வகுப்பறை மேசையில் இன்றும் ஒரு சாடி, ஒரு மாம்பழம், ஒரு மடித்த துணி ஆகியனவே அமர்ந்திருக்கின்றன. மாம்பழம் மரத்திற் காய்த்தது. அதன் வடிவுக்குக் காரணங் கேட்டால் ஆசிரியர் விடை சொல்லுதல் அரிது. கொழுக்கட்டையின் ஒவ்வொரு சுருக்குக்கும் ஒரு விரல் காரணமாக இருக்கின்றது. அதனைப் பிள்ளை கேட்டறியலாம், செய்தும் பார்க்கலாம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குடாநாடு சுண்ணக்கல்லின்மேற் படிந்த நிலம். தோட்டத்துச் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உகந்ததாயினும் உருவம் பிடிக்க உதவாது, காய்ந்ததும் உதிரும். வயற்பகுதிகளிலும் குளப்படுக்கைகளிலும் உள்ள களியே வேண்டும். கடனீரேரியோரத்துக் களியை எடுத்தல் ஆகாது. அதிலுள்ள உப்பு, உருவங் காயுங்கால் வெண்மையாய் மேலே பூத்து, பூசிய வர்ணத்தையும் உரித்துவிடும். வன்னிக் குளத்துக் களி கிடைக்குமாயின் அதுவே சிறந்தது.

களிக்குள் மறைந்திருக்கும் சுண்ணக்கற் பொடியே நமக்குப் பெரும்பகை. சூளையின் வெப்பம் 800 பாகை செல்சியசைக் கடக்குமிடத்து அப்பொடி சுட்ட சுண்ணாம்பாக மாறும். சூளையிலிருந்து எடுத்தபோது உருவம் அழகாகவே இருக்கும். சில நாட் கழிய, காற்றின் ஈரத்தை உண்டு சுண்ணாம்பு நீறிப் பருக்க, மேற்பரப்புச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சுண்ணாம்பு நீற்றிய ஊரில் இதனை விளக்குதற்கு ஆசிரியர் வருந்த வேண்டியதில்லை. பரிசோதனையும் எளிது: களியுருண்டையொன்றின்மேல் தேசிக்காய்ப் புளியையோ வினாகிரியையோ சில துளி விடுக. நுரைத்துப் பொங்குமாயின் சுண்ணம் உண்டு. அக்களியை நீரிற் கரைத்து, நெருங்கிய கண்ணுள்ள அரிதட்டால் வடித்து, தெளிய விட்டு, மேல்நீரை இறுத்துச் சாக்கின்மேற் பரப்பி ஆற்றுதல் வேண்டும். (அரிதட்டைக் கடையில் வாங்குக. வீட்டில் மா அரிப்பதைக் கொண்டுவரும் மாணாக்கன் அன்று மாலை அடையும் பயனுக்கு ஆசிரியர் பொறுப்பாளியல்லர்.) சுடாது வெயிலில் மாத்திரம் உலர்த்துவதாயின் சுண்ணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, வலிமைக்காகக் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துக் கலந்து பிசைந்துகொள்ளலாம்.

வடித்த களியை ஈரச்சாக்கிற் சுற்றி ஒரு கிழமையாவது புளிக்க விட்டுப் பின்னர் பிசைக. எந்தப் பதம் வரை என்பதற்கு நம் பெண்டிர் கொழுக்கட்டை மாவுக்குச் சொல்லும் அளவே இங்கும் பொருந்தும்: காதுச்சோணையின் மென்மை. கையில் ஒட்டாமலும் வளைத்தால் வெடியாமலும் இருத்தல் வேண்டும். பிளாஸ்ரிசின் என்னுஞ் செயற்கைக் களியை இப்பாடத்துக்கு நான் விரும்புவதில்லை. அதற்குப் பதம் என்பதொன்றில்லை. அது காய்வதுமில்லை, நீர்வர்ணத்தை ஏற்பதுமில்லை.

காயுங் களி சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை ஒவ்வொரு களிக்கும் அளந்தே அறிதல் வேண்டும். களியைப் பட்டையாகத் தட்டி, 10 சென்ரிமீற்றர் நீளக் கோடொன்றைக் கீறி, காய்ந்த பின்னரும் சுட்ட பின்னரும் அளக்குமாறு மாணாக்கரை ஏவுக. பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றர் அளவு குறைந்திருக்கும். ஆகவே மோதகம் உண்மை அளவில் வரவேண்டுமாயின் ஒன்பதிலொரு பங்கு பெரிதாகப் பிடித்தல் வேண்டும். கணித ஆசிரியரும் இவ்விடத்தில் மகிழ்வர்.

மண் புளிக்கின்ற அந்தக் கிழமையில் முதற்பாடம் நடைபெறுகின்றது. நடைபெறுமிடம் அடுக்களை. ஆண்பிள்ளைகள் கற்கும் கல்லூரியில் இதனைச் சொல்லும்போது சிரிப்பெழும். சிரிக்கட்டும். நாம் குசினி என்று வழங்கும் அவ்விடத்திலிருந்து வருவதை வாங்கி உண்ணுதலன்றி, அங்கே கைகள் என்ன செய்கின்றன என்பதை நின்று பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? ஒவ்வொரு மாணாக்கனும் தன் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரு பலகாரம் ஆக்கப்படும்போது உடனிருந்து, மா எப்படி எடுக்கப்படுகின்றது, எந்த விரல் முதலிற் படுகின்றது, எங்கே அழுத்துகின்றது, எங்கே விடுகின்றது என்பவற்றைக் குறித்து வருதல் வேண்டும். "என்னடா இது, கொப்பியோட வந்து நிற்கிறாய்? கையைக் கழுவிப்போட்டு வந்து நீயும் ரெண்டு பிடி" என்று அம்மம்மா சொல்லுவாராயின் பாடம் எதிர்பார்த்ததிலும் நன்கு நடந்ததென்க.

மோதகத்திலிருந்து தொடங்குவோம். தேசிக்காயளவு களியை உருட்டி இடக்கையில் ஏந்தி, வலக்கைப் பெருவிரலை நடுவில் ஊன்றி, உருண்டையைச் சுழற்றிச் சுழற்றிக் குடைதல் வேண்டும். அடி சற்றுத் தடிப்பாகவும் விளிம்பு மெல்லியதாகவும் வரும். மோதகம் இருந்த இடத்திற் சாயாதிருத்தற்கு அத்தடித்த அடியே காரணம். பயற்று உள்ளீட்டுக்குப் பதிலாகக் கசக்கிய தாளுருண்டையை வைத்து, விளிம்பை மடித்து மடித்துக் கூட்டி, மேலே முறுக்கி, மிஞ்சிய களியைக் கிள்ளிவிடுக. கிள்ளிய இடத்தில் உண்டாகும் சிறு தழும்பைத் தடவி அழித்தல் கூடாது. உண்மை மோதகத்திலும் அஃது உண்டு. தாள் சூளையில் எரிந்துபோம். ஊசியால் அடியில் ஒரு துளை இட்டுவைத்தால் ஆவியும் புகையும் அதன்வழியே வெளியேறும்.

கொழுக்கட்டை இன்னும் நுணுக்கமானது. உள்ளங்கையில் வட்டமாகத் தட்டி, இரண்டாக மடித்து, பிறைபோன்ற விளிம்பைச் சுருக்கிக் கொண்டு போவதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு நடையுண்டு. சிலர் அகன்ற சுருக்காகவும் சிலர் மயிர்ச்சுருக்காகவும் மடிப்பர். இடக்கைப் பழக்கமுடையார் மடித்த சுருக்கு எதிர்ப்புறஞ் சாய்ந்திருக்கும். வகுப்பில் முப்பது மாணாக்கர் முப்பது கொழுக்கட்டை செய்து வரிசையாக வைத்தால் முப்பது வீட்டின் கையெழுத்து அங்கே தெரிய வேண்டும். இப்பொழுது கடைகளில் நெகிழிக் கொழுக்கட்டை அச்சு விற்கின்றனர். வீட்டு வசதிக்கு அது நல்லதாகலாம். வகுப்புக்குள் அதனை அனுமதியாதிருத்தல் நலம்.

பயற்றம் பணியாரத்திலே களி நமக்கு மிக அணுக்கமாக ஒத்துழைக்கின்றது. வறுத்த பயற்றமாவையும் சர்க்கரையையுங் கூட்டிப் பிடித்த வட்டைக் கரைத்த மாவிற் தோய்த்து எண்ணெயில் இடுவர். தோய்த்த மா ஓரத்தில் வழிந்து சிறு வாலும் மடலுமாகப் பொரிந்து நிற்கும். அதனைக் களியில் வெட்டிச் செதுக்க முயலுவோன் தோற்பான். களிவட்டைப் பிடித்து, அரைகுறையாக இறுகிய நிலையில், கூழ்போற் கரைத்த களிக்குழம்பிற் தோய்த்துத் தூக்கினால் வாலும் மடலுந் தாமே உண்டாகும். வட்டு முற்றும் உலர்ந்தபின் தோய்த்தாலோ, குழம்பு சுருங்க வட்டுச் சுருங்காது நிற்க, மேற்றோல் வெடித்துக் கழன்றுவிடும்.

அரியதரத்தின் சிறப்பு அதன் குறுணற் பரப்பு. வழுவழுத்த களியால் அதனை ஒருநாளும் பெற முடியாது. ஓட்டுத்துண்டை இடித்துச் சலித்த பரல்களைக் களியோடு பிசைந்து, உருட்டித் தட்டினால் விளிம்பு தானே வெடித்துக் குறுணல் தோன்றும். கடற்கரை மணலைச் சேர்த்தல் ஆகாது. அதிற் சிப்பித்தூள் உண்டு, சிப்பியுஞ் சுண்ணமே. சிப்பிப் பலகாரத்துக்குப் புதிய சீப்பொன்று போதும். வீட்டிற் செய்வது போலவே சிறு களியுருண்டையைச் சீப்பின் பல்லின்மேல் வைத்துப் பெருவிரலால் இழுத்துச் சுருட்டுக. இலட்டில் மாணாக்கர் சோம்பல் வெளிப்படும். உருண்டையொன்றைப் பிடித்து அதன்மேல் ஈர்க்கினாற் புள்ளி குத்திவைப்பர். பூந்தியைத் தனித்தனியே உருட்டிக் குழம்பால் ஒட்டிச் சேர்த்தவனுடைய இலட்டிலேதான் பூந்திகளுக்கிடையே இருள் தெரியும். முறுக்குக்கு உரல் இருக்கிறது. அதற்குமேற் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாவற்றிலுங் கடினமானது பனங்காய்ப் பணியாரம் என்பேன். அதற்கு வடிவமே இல்லை என்று மாணாக்கர் நினைப்பர். பனங்களியையும் மாவையுஞ் சீனியையுங் கூட்டிய பசையை விரல் நுனிகளில் அள்ளி, பெருவிரலால் தள்ளிக் கொதியெண்ணெயில் விழுத்துவர். விழும் வேகமும் விரலின் பிரிவும் எண்ணெயின் கொதியுங் கூடி ஒரு வடிவைத் தருகின்றன: ஒருபுறம் உருண்டை, ஒருபுறம் இழுபட்ட முனை, இடையில் ஒரு பள்ளம். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆயினும் எதனைக் கண்டாலும் பனங்காய்ப் பணியாரமென்று உடனே தெரியும். இதனை விரலால் ஒழுங்குபடுத்தி உருவமைக்கப் புகுந்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும். களியைத் தளர்வாகக் குழைத்து, சாம்பல் பரப்பிய தட்டின்மேல் அதே விரலசைவால் விழுத்திப் பழகுதல் வேண்டும். இருபது விழுத்தினால் மூன்று தேறும். ஆவணியிற் பனம்பழம் விழுங்காலத்தில் இப்பாடத்தை வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க உண்மைப் பொருளும் கிடைக்கும், தின்னவுங் கிடைக்கும்.

ஆயுதங்களுக்குப் பணஞ் செலவிட வேண்டியதில்லை. தென்னீர்க்கு, பனைமட்டைக் கருக்கு, சிரட்டைத் துண்டு, ஊமல், சாக்குக் கந்தல் என்பன போதும். ஒட்டுமிடங்களை இருபுறமும் ஈர்க்காற் கீறிக் குழம்பு தடவி அழுத்துதல் வேண்டும். உருவங்களை நிழலில் இரண்டு கிழமை உலரவைத்து, கன்னத்தில் ஒற்றிப் பார்க்க. குளிர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இன்னும் உண்டு. ஈரத்தோடு சூளைக்குட் சென்ற தடித்த உருவம் ஆவியால் வெடித்து அயலிலுள்ளவற்றையுஞ் சிதைக்கும். சூளை இல்லாத பாடசாலைகள் குயவர் ஒருவரின் சூளையில் இடங்கேட்டுச் சுடலாம். கேட்கச் செல்லுங்கால் மாணாக்கரையும் அழைத்துச் செல்லுதல் நன்று.

இனி வர்ணம். இங்கேயுங் காரணத்திலிருந்தே தொடங்க வேண்டும். மோதகம் ஏன் வெள்ளை, பணியாரம் ஏன் சிவப்பு? நீராவியின் வெப்பம் 100 பாகையளவில் நின்றுவிடும். அவ்வெப்பத்தில் மாச் சிவப்பதில்லை. பொரிக்கும் எண்ணெயோ 170, 180 பாகைவரை காயும். பலகாரத்தின் எப்பகுதியில் நீர் முதலில் வற்றுகின்றதோ அப்பகுதி முதலிற் சிவக்கும். மெல்லிய வாலும் விளிம்பும் மேடுங் கருஞ்சிவப்பாகவும், பள்ளங்கள் பொன்னிறமாகவும் இருப்பது இதனாலேயே. எண்ணெயில் அரைவாசி மிதந்து வெந்த வாய்ப்பனின் இடையைச் சுற்றி வெளிறிய வளையமொன்று காணப்படும். இவற்றை அறிந்த மாணாக்கன் தூரிகையை எங்கே வைப்பதென்று ஆசிரியரைக் கேட்கமாட்டான்.

முதலில் வெள்ளையடித்து உலர்த்துக. பொரித்த பலகாரத்துக்கு மஞ்சட்காவியை முழுவதும் நீர்க்கப் பூசி, அதன்மேற் செங்காவியையும், மேடுகளிற் கபிலத்தையும் படிப்படியாக ஏற்றுக. கறுப்பைத் தொடவே கூடாது. கறுப்புக் கலந்த கபிலம் பொரிந்த நிறமன்று, கரிந்த நிறம். பயற்றம் பணியாரத்தின் மேன்மாவில் மஞ்சள் சேர்ப்பதுண்டு. அவ்வொளி கபிலத்தின் ஊடே தெரிதல் வேண்டும்.

மோதகத்தை வெள்ளையாகத் தீட்டினாற் சுண்ணாம்புக் கட்டியாகும். அவிந்த அரிசிமா ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும் பொருள். ஆகவே உள்ளீடு இருக்குமிடத்திற் சர்க்கரைக் கபிலத்தை முதலிற் தீட்டி, அதன்மேல் மிக நீர்த்த வெள்ளையை ஒன்றன்மேலொன்றாக, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின், நாலைந்து முறை பூசுதல் வேண்டும். விளிம்பு மெலிந்த இடங்களிற் பூச்சுக் குறைய வேண்டும், அடியில் மிக வேண்டும். மடிப்பின் உட்புறத்திற் சிறிது நீலச்சாம்பல் நிறம். கீழ்ப்பூச்சு கரையாதிருத்தற்கு இக்காலத்து அக்ரிலிக் வர்ணம் மிக உதவும்.

பளபளப்பைக் கடைசியில் முடிவுசெய்க. மாணாக்கர்க்கு வார்னிஷ் டப்பா கண்ணிற் பட்டால் எல்லாவற்றையும் அதில் முக்கியெடுப்பர். அவித்த மோதகத்தின் ஈரப்பளபளப்பு வேறு. எண்ணெய் பூசிய பளபளப்பு வேறு. சீனிப்பாகு பூத்த சிப்பிக்குப் பளபளப்பே இல்லை. சிப்பியின் வரம்புகளின்மேல் உலர்ந்த தூரிகையால் வெள்ளையைத் தட்டிவிட்டால் பாகு பூத்தது போலாகும். தொதல் ஒன்றுக்கே தாராளமாக வார்னிஷ் விடலாம். கருங்கபிலத்தின்மேற் சிவப்பை நீர்க்கப் பூசி, இரண்டுமுறை வார்னிஷ் இட்டால் தேங்காயெண்ணெய் கக்கிய தொதற்றுண்டு தட்டில் இருக்கும்.

ரிபன் கேக்கும் குளிர்களியுஞ் செய்யலாமா என்று கட்டாயங் கேட்பார்கள். செய்யலாம். குளிர்களி என்று நாம் ஐஸ்கிறீமுக்கு இட்ட பெயரிலேயே களி இருக்கின்றது. ஆனால் அதனை இரண்டாந் தவணைக்கு வைத்துக்கொள்ளுதல் நன்று. கடையில் உருளைக் கரண்டியால் எடுத்துவைத்த பொருளிற் கையின் சுவடு குறைவு. யப்பானில் 1932ஆம் ஆண்டு முதல் இவசாக்கி தக்கிசோ என்பார் உணவுக் கடைகளின் முகப்பில் வைப்பதற்கு மெழுகால் உணவுருவங்கள் செய்து விற்றார். இன்று அது பெருந்தொழிலாக இருக்கின்றது. அவர்கள் பெரும்பாலும் உண்மை உணவின்மேலேயே அச்செடுத்து வார்ப்பர். திறமான வேலையே, ஆயினும் அச்சு எடுத்தவன் அந்த உணவை ஆக்கக் கற்றுக்கொள்வதில்லை.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டு நம் சிறுவரின் நாவிலும், கடல் கடந்த நம்மவரின் நினைவிலும் நின்று நிலவுகின்றது. பாட்டு அச்சில் இருப்பதால் தப்பிப் பிழைத்தது. அதிற் கூறப்படும் கொழுக்கட்டையைப் பிடித்த விரலசைவு எந்த நூலிலும் இல்லை. அது தாயிடமிருந்து மகளுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தே வந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசலை விட்டு நடந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ குடும்பங்கள் பாட்டி ஒரு நாட்டிலும் பேரப்பிள்ளைகள் வேறு நாடுகளிலுமாகப் பிரிந்தன. இன்று பலகாரம் பொதிசெய்து கடையில் விற்கப்படுகின்றது, விமானத்திலும் ஏறுகின்றது. சுவை போய்விட்டதென்று நான் சொல்ல வரவில்லை. அருகிலிருந்து பார்க்கும் பிள்ளை இல்லாமற் போய்விட்டது. புகைப்படம் சுருக்கின் சாயலைக் காட்டும். எந்த விரல் எங்கே அழுத்தியதென்பதைக் காட்டாது. அழுத்திய விரற்குழியோடு உலர்ந்த மண் அதனையுங் காட்டும்.

ஆதலின் இப்பாடத்திற்குப் புள்ளியிடும் முறையும் சற்று வேறுபடுதல் வேண்டும். மண்பலகாரத்தையும் உண்மைப் பலகாரத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்போர் ஏமாறுகின்றனரா என்று சோதிப்பது வேடிக்கைக்கு நல்லது. புள்ளி இடுதற்கு மாணாக்கர் வீட்டுப் பெண்டிர் சிலரை வகுப்புக்கு அழையுங்கள். மண்மோதகத்தைக் கையிலெடுத்து, "மா இறுகிப் போச்சு, சுடுதண்ணி காணாது" என்றோ, "பிடிக்கேக்கை விளிம்பு மெல்லிசாகேல்லை" என்றோ அவர் குறை சொல்லுவாராயின், அந்த மாணாக்கனுக்கு அரைவாசிக்கு மேற் புள்ளி கொடுத்துவிடலாம். மண்ணென்பதை மறந்து மாவின் குற்றத்தை அவர் கூறும்படி செய்துவிட்டானல்லவா?

தேறியவற்றுள் ஒவ்வொரு வகையிலும் இரண்டைக் கல்லூரி நூலகத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பேணுதல் எளிது. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓலைச் சீட்டு: பலகாரத்தின் பெயர், கற்பித்த கைக்குரியவரின் ஊர், கையின் முறை, மாணாக்கனின் வகுப்பு, ஆண்டு. பழைய மாணவர் சங்கத்தின் கிளைகள் வெளிநாடுகளிலும் உள்ளனவாகையால், அங்கே வாழும் முதியோர் தாம் பிடிக்கும் முறையைக் களியிற் பிடித்து உலர்த்தி அனுப்பினால் அவற்றையுஞ் சேர்க்கலாம். உலர்ந்த களி நொருங்காதிருக்கப் பஞ்சிற் பொதிந்து அனுப்புதல் வேண்டும். பேழைக்குப் பூட்டு அவசியம். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் அவ்வழியே வருவதுண்டு. வர்ணமும் வார்னிஷும் வாய்க்குள் போகத்தக்கவையல்ல.